சாதாவுக்கு இத்தனை இங்கிலீஷா!

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை என்பது, வெள்ளைக்காரர் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் தைக்கவைத்து, அதற்குத் தமிழில் விழுகிற திட்டுகளை இங்கிலீஷில் மரியாதையாக்கித் திருப்பி அனுப்புகிற வேலை.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. பெயர் ஜெபா. பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு, படித்த இங்கிலீஷுக்கு எங்கள் ஊரில் சோலி எதுவும் இல்லாததால் திருப்பூருக்கு ரயிலேறியவள். அங்கே நெருப்பெரிச்சல் பகுதியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஓனர் ஈஸ்வரமூர்த்தி. டெய்லராக மிஷினில் உட்கார்ந்து, பிறகு காண்டிராக்ட் எடுத்து, பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்தவர். என்னை ‘அம்முணி’ என்றுதான் கூப்பிடுவார். பையர்கள், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள், அனுப்புகிற மெயிலை எனக்கு முன்னால் தன் செல்போனில் அவரே படித்துவிடுவார். வாக்கியத்தில் தெரிந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தைரியத்தால் நிரப்பிக்கொள்வார்.

பையர் புகழ்ந்தால் எங்களுக்குப் புரியும். திட்டினால் அதைவிட நன்றாகப் புரியும். ‘பரவாயில்லை’, ‘சுமார்’, ‘சாதாதான்’, ‘விசேஷமா ஒன்றுமில்லை’ என்று நடுவாந்தரமாக எதையாவது சொன்னால்தான் கம்பெனியே ஆட்டம் கண்டுவிடும். அதைச் சொல்ல இங்கிலீஷில் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள் என்பது என்னைப்போல இன்பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து வதைபடுகிறவர்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்றால் வாருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

குவைட் குட், நாட் பேட்

கிரஹாம் எங்கள் லண்டன் பையர். எங்கள் முதல் சாம்பிளைப் பார்த்துவிட்டு, ‘சாம்பிள் இஸ் குவைட் குட்’ என்று எழுதினார். ஓனருக்கு ‘குட்’ தெரியும். ‘குவைட்’ என்றால் ‘ரொம்ப’ என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். நான் சந்தேகமாக இழுப்பதற்குள் ஃப்ளோர் முழுக்க மைசூர்பாகு வந்துவிட்டது. ஆனால் ஆர்டர் வரவில்லை. வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விட்டது. லண்டனில் ‘குவைட் குட்’ என்றால் ‘ஏதோ இருக்கிறது’ என்று அர்த்தமாம். மைசூர்பாகு தின்று முடித்த பிறகுதான் எல்லோருக்கும் அது கசந்தது.

அடுத்த சீசனுக்குப் பேட்டர்ன் மாஸ்டர் மாரியப்பன் உயிரைக் கொடுத்து ஒரு சாம்பிள் வெட்டினார். தேனிக்காரர், கோபக்காரர், கையில் தொழில் உள்ளவர். கிரஹாம் எழுதினார்: ‘நாட் பேட் அட் ஆல்.’ ஓனர் கண்ணுக்கு ‘பேட்’ மட்டும்தான் தெரிந்தது. போனைத் தூக்கிக்கொண்டு நேராக கட்டிங் டேபிளுக்குப் போய், “பேடுன்னு எழுதீட்டானே மாஸ்டர்! போன தடவை குட்டாவது சொன்னான்!” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். நான் ஓடிப்போய் அது பாராட்டுத்தான் என்று சொல்லி முடிப்பதற்குள், மாஸ்டர் தன் கத்தரியையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார்.

அந்த வாரமே ஆர்டர் வந்தது. அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். மாஸ்டர் இல்லாமல் அதை வெட்ட முடியாது. ஓனர் என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்று, “தப்பு என்ற மேலதாங்க மாஸ்டர், அந்த ஆளு பாராட்டித்தான் எழுதியிருக்கறான்” என்றார். மாஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏம்மா, இனிமே அந்த ஆளு என்ன எழுதினான்னு எனக்குச் சொல்லவே வேணாம், நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லு!”

ரன் ஆஃப் த மில்

எங்களுக்கு நூல் வருவது ஊத்துக்குளிப் பக்கம் ஓனருடைய மச்சான் நடத்தும் ஸ்பின்னிங் மில்லிலிருந்து. ஒரு தடவை எங்கள் புது டிசைன்களைப் பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் ரன் ஆஃப் த மில்லாக இருக்கிறது’ என்று கிரஹாம் எழுதினார். எல்லாக் கடையிலும் கிடைக்கிற மாதிரி இருக்கிறது, புதுசாக ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு நான் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது ஓனர் போனில் மச்சானோடு சண்டையை ஆரம்பித்து நடுப்பகுதிக்கு வந்திருந்தார். “உன்ற மில்லு ஓடற லட்சணத்த லண்டன்ல இருந்து கண்டுபிடிச்சு எழுதியிருக்கறான் மாப்ளே!”

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. மில்லை நிறுத்தி மிஷின்களை எல்லாம் கழற்றிச் சுத்தம் பண்ணினார். பஞ்சை மாற்றினார். பழைய சூப்பர்வைசரை அனுப்பிவிட்டுப் புது ஆள் போட்டார். அவருக்கு அர்த்தத்தைச் சொல்லலாம் என்று நான் இரண்டு தடவை போன் பண்ணினேன். இரண்டு தடவையும், “பேசாதீங்க அம்முணி, நூல் பேசும்” என்று வைத்துவிட்டார். நூல் உண்மையிலேயே பேசியது. துணி வெண்ணெய் மாதிரி வந்தது. கிரஹாமும் ‘துணி அருமை’ என்று மனம்விட்டு எழுதினார். அடுத்த வரியில், ‘ஆனால் டிசைன்கள் இன்னும் ரன் ஆஃப் த மில்தான்’ என்றும் எழுதினார். மில் என்ற வார்த்தையை மறுபடியும் பார்த்த ஓனர் மெயிலை அப்படியே மச்சானுக்கு அனுப்ப, மச்சான் எனக்குப் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு பெருமை: “பாத்தீங்களா அம்முணி, மில்லு இப்பவும் ரன் ஆகுதுன்னு அவனே ஒத்துக்கறான்!”

ஓகேயிஷ்

சாயம் போட்ட துணியின் நிறம் கொஞ்சம் சிவப்படித்தால் பையர் ‘ரெட்டிஷ்’ என்று எழுதுவார். நீலமடித்தால் ‘புளூயிஷ்’. டையிங் யூனிட்காரர்களுக்கு இது பழகிப்போன பாஷை. எங்கள் அமெரிக்க பையர் ஷெரில் ஒரு தடவை, ‘ஷேடு ஓகேயிஷ்’ என்று எழுதிவிட்டார். ஏதோ பரவாயில்லை என்று அர்த்தம். நான் அதை அப்படியே டையிங் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டேன். அரைநாள் கழித்து அங்கிருந்து மேனேஜர் வெகு பணிவாகப் போன் பண்ணினார்: “ஏனுங்க மேடம், ரெட்டிஷ்ன்னா செவப்பக் கொறைப்போம், புளூயிஷ்ன்னா நீலத்தக் கொறைப்போம், ஓகேயிஷ்ன்னா எதைங்க கொறைக்கறது?”

ஃபைன்

எங்கள் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகை என்றால் நான் எங்கே இருந்தாலும் போய்விடுவேன். அந்த வருஷமும் போயிருந்தேன். பந்தியில் சாம்பார் வாளியோடு நான் ஓடிக்கொண்டிருந்தபோது, இங்கே கிரஹாமிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. மழையால் சாயத்துணி காயவில்லை, ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று நான் ஏற்கெனவே கெஞ்சி எழுதியிருந்தேன். அதற்கு அவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: ‘எ வீக்ஸ் டிலே இஸ் ஃபைன்.’

ஓனர் படித்தார். ‘டிலே’ தெரியும். ‘ஃபைன்’ மிக நன்றாகத் தெரியும். தலைக்கவசம் போடாமல் போய்ப் பலமுறை கட்டியிருக்கிறார். எனக்குப் போன் பண்ணினார். கோயில் ஒலிபெருக்கியில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. “சரி சார், சரி சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் திரும்பி வந்தபோது, கப்பலில் சாவகாசமாகப் போகவேண்டிய மொத்தச் சரக்கும் கம்பெனிச் செலவில் விமானத்தில் பறந்துபோயிருந்தது. ‘ஏன் விமானத்தில் அனுப்பினீர்கள்? நான்தான் ஃபைன் என்று சொல்லியிருந்தேனே’ என்று கிரஹாம் ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தார். நான் அர்த்தத்தைச் சொன்னதும் ஓனர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு கேட்டார்: “ஃபைன்னா பரவாயில்லைன்னு அர்த்தம்னா, டிராபிக் போலீஸ்காரன் எதுக்கு அம்முணி அதுக்கு ரசீது கொடுக்கறான்?”

பேசிக்

வட்டக்கழுத்து, அரைக்கை, படம் இல்லை, எழுத்து இல்லை. இந்தச் சாதா டீ-ஷர்ட்டுக்கு எங்கள் பாஷையில் ‘பேசிக்’ என்று பேர். அதைத் தைக்கிறவர்கள் பேசிக் லைன். பக்கத்தில் ஃபேஷன் லைன். பையர் வந்தால் ஃபேஷன் லைனைத்தான் போட்டோ எடுப்பார்கள். ஜன்னல் ஃபேஷன் லைனுக்கு. புது ஃபேனும் அவர்களுக்கு. பேசிக் லைனில் இருக்கும் ஸ்டெல்லா எங்கள் தூத்துக்குடிப் பக்கம். சூப்பர்வைசரிடம் ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். “பேசிக்தானே தைக்கறீங்க, அதுக்கெதுக்கு ஃபேனு?” என்பார் அவர்.

ஒருநாள் ஷெரிலின் கம்பெனி வெப்சைட்டில் எதையோ தேடும்போது அந்த பேசிக்கைப் பார்த்தேன். கடலோரத்தில் ஒரு மாடல், வீட்டில் துக்கம் நடந்த மாதிரி முகத்தோடு, அதைப் போட்டுக்கொண்டு நின்றான். கீழே ‘தி எசென்ஷியல்’ என்று பேர். அதற்குக் கீழே நாலு வரிக் கவிதை மாதிரி ஏதோ. சாப்பாட்டு நேரத்தில் லைனுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். “ஆரவாரம் இல்லாதது, அமைதியானது, மனிதன் அவசியம் வைத்திருக்க வேண்டியது” என்று நான் தமிழில் சொன்னதும், பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் போனை வாங்கி விரலால் பெரிசாக்கித் தையலைத் தேடினார்கள். கழுத்து மூட்டிய பெண், “நான் மூட்டுனதுதான்” என்று சத்தியம் பண்ணினாள். மத்தியானம் வழக்கம்போல, “பேசிக்கெல்லாம் சீக்கிரம் முடிங்க” என்று வந்த சூப்பர்வைசரை ஸ்டெல்லா மிஷினை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தாள்: “அண்ணாச்சி, இனிமே எங்கள பேசிக்குன்னு சொல்லாதிய, கடல் தாண்டிட்டா நாங்கதான் எசென்ஷியலாக்கும், ஃபேன இங்கிட்டுத் திருப்புங்க!”

ஆவரேஜ்

அதே ஸ்டெல்லாவின் மகள் ரோஸ்லின், இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே பெற்றோரிடமும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள் என்பதால், ரேங்க் கார்டு கொடுக்கிற நாளில் ஸ்டெல்லா என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் லைனில் ஒரு மணிக்கு இத்தனை பீஸ் தைக்க வேண்டும் என்று கணக்குண்டு. அதற்குப் பேர் ‘ஆவரேஜ்’. ஆவரேஜ் வந்துவிட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். வராவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திட்டுவார். ஆவரேஜ் எடுப்பதற்காகவே சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் உண்டு.

மிஸ் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “ரோஸ்லின் இஸ் ஜஸ்ட் ஆவரேஜ்” என்றார். பக்கத்தில் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அடிக்குத் தயாராக நின்றது. ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. “தேங்க்ஸ் மிஸ்!” என்றாள். மிஸ் குழம்பிப்போய், “ஆவரேஜ் இன் எவ்ரி சப்ஜெக்ட்!” என்று அழுத்திச் சொன்னார். “எல்லாத்துலயுமா!” என்று ஸ்டெல்லா பிள்ளையை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். மிஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த திருக்குறளைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மனசு கேட்காமல், பள்ளிக்கூடத்தில் ஆவரேஜ் என்றால் சுமார்தான் என்று மெல்லச் சொன்னேன். ஸ்டெல்லா நின்றாள். பிள்ளை மறுபடியும் தலையைக் குனிந்தது. பிள்ளைக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டெல்லா என்னிடம் சொன்னாள்: “அந்த மிஸ்ஸ ஒரு நாளைக்கி எம் மிஷின்ல உக்காந்து ஆவரேஜ் எடுக்கச் சொல்லுங்கக்கா, பொறவு பேசிக்கிடலாம்.”

ஹோம்லி

ஷெரில் முதல் தடவை திருப்பூர் வந்தபோது ஓனர் அவரை வீட்டுக்கே சாப்பிடக் கூப்பிட்டார். நானும் போனேன். சந்தகை, நாட்டுக்கோழி, கிண்ணம் நிறைய ஊத்துக்குளி நெய் என்று ஓனரின் மனைவி சுமதி அக்கா அசத்தியிருந்தார். ஓனர் அவரை அழைத்து முன்னால் நிறுத்தி, பெருமையோடு, “மை ஒய்ஃப் சுமதி. வெரி ஹோம்லி லேடி” என்றார். ஷெரில் திடுக்கிட்டு, “நோ நோ, ஷி இஸ் பியூட்டிஃபுல்!” என்றார். நம் ஆள் அடக்கமாகத் தலையை ஆட்டி, “நோ மேடம், ஒன்லி ஹோம்லி. ஃப்ரம் மேரேஜ் டே” என்றார். ஷெரில் அதற்குப் பிறகு ஓனரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுமதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் கழுத்திலிருந்த மணிமாலையைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டுவிட்டார்.

சுமதி அக்கா பி.எஸ்ஸி. கணிதம். ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டார். “நம்ம ஊர்ல ஹோம்லின்னா குடும்பப் பாங்கான பொண்ணுன்னு அர்த்தம். அமெரிக்காவுல பார்க்க லட்சணமா இல்லாதவங்களை நாசூக்கா அப்படிச் சொல்லுவாங்கக்கா” என்றேன். அவர் நெய்க் கிண்ணத்தோடு வெளியே போனார். எல்லோருக்கும் ஊற்றினார். ஓனர் இலையை மட்டும் தாண்டிப் போனார். ஓனர் ஏந்திய கை ஏந்தியபடி என்னைப் பார்க்க, நான் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். “அய்யோ, நான் நல்ல அர்த்தத்துலதானுங்க சொன்னேன்” என்று அவர் பதற, சுமதி அக்கா நிதானமாகச் சொன்னார்: “என்ற ஜாதகத்தோட குடுத்த பயோடேட்டாவுலயே எங்கப்பா அதைத்தான் போட்டிருந்தாரு, அன்னிக்கே நீங்க அதை அமெரிக்கா அர்த்தத்துல படிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பனுங்க!”

அன்ரிமார்க்கபிள்

பேக்கிங் செக்‌ஷன் நாச்சிமுத்து அண்ணனுக்குத் தாராபுரம் பக்கம் தோட்டம் இருக்கிறது. பெரிய மீசை, பெரிய குரல். கொஞ்ச நாளாக வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று டாக்டர் வெளியூர் போயிருந்தார். கல்லீரல், மண்ணீரல், கிட்னி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்றே போட்டிருந்தது. அண்ணனின் மருமகன் அதை செல்போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்தான். போன் சொன்னது: ‘சொல்லும்படியாக இல்லை.’ கல்லீரல் சொல்லும்படியாக இல்லை. மண்ணீரல் சொல்லும்படியாக இல்லை. இரண்டு கிட்னியும் சொல்லும்படியாக இல்லை.

அண்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவருக்கும் அவர் தம்பிக்கும் வரப்பிலிருந்த தென்னை மரங்களால் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட அண்ணன் போகவில்லை. இப்போது நேராகத் தம்பி வீட்டுக்குள் போய், “மரத்தையெல்லாம் நீயே வெச்சுக்க, நான் போனதுக்கப்பறம் என்ற பசங்க சண்டைக்கு வந்தா இதைச் சொல்லு” என்று சாட்சிக்கு ஊர்க்காரர் இருவரை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். தம்பி மனைவி சேவல் அடித்துக் குழம்பு வைத்திருக்கிறார். சாகப்போகிற ஆள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

பிறகுதான் அண்ணன் ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார். “எத்தனை நாளைக்குத் தாங்கும்னு இங்கிலீஷ்ல எங்கயாச்சும் போட்டிருக்கும், பாத்துச் சொல்லு அம்முணி” என்றபோது அந்தப் பெரிய குரல் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி ஒரு குறையும் இல்லைன்னுதான் இதுக்கு அர்த்தம். எல்லாம் சாதாரணமா இருக்குதுன்னு போட்டிருக்காங்க” என்றேன். அவர் அப்படியே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். டாக்டர் திரும்பி வந்து, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த வலிதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். இப்போது தம்பி ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகத் தேங்காய் அனுப்புகிறார். அண்ணன் எங்களுக்கெல்லாம் கொடுக்கிறார். கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் தவறாமல் சொல்கிறார்: “நார்மல்னு ஒத்தை வார்த்தைல எழுதித் தொலைச்சிருந்தா, இந்தக் காய் என்ற மரத்துக் காயா இருந்திருக்கும் அம்முணி!”

ஆகவே, என் இனத்து மெர்ச்சண்டைசர்களே, எதுவுமே பெரிசாக நடக்கவில்லை என்று ஒருவர் இங்கிலீஷில் எழுதுவதற்கும் ஏதாவது பெரிசாக நடந்துவிடுவதற்கும் நடுவே கிடைக்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் நமக்குச் சம்பளம்.